செல் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலுப்படிக்கு எல்இடி பட்டை, பள்ளிக் கண்காட்சிக்கு மோட்டார் வண்டி. என்னிடம் வரும் பிள்ளைகளும் பெற்றோரும் கட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான். சர்க்யூட்டை எங்காவது பார்த்துப் போட்டுவிடுகிறார்கள். திணறுவது செல் பெட்டியில். நாலு செல் பெட்டி ரெண்டு வாங்கி மேசையில் வைத்தாயிற்று. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர். எதை எதோடு முறுக்குவது? அங்கே தொடங்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பென்சில் செல் என்று நான் சொல்வது ஏஏ அளவு. கடையில் பெட்டியை 'செல் ஹோல்டர்' என்று கேளுங்கள். சென்னை ரிச்சி தெருப் பக்கம் போனால் ஒரு செல்லுக்கானது, நாலு செல்லுக்கானது, எட்டு செல்லுக்கானது என்று விதவிதமாகத் தொங்கும். போகும்போதே ஒரு மல்டிமீட்டரும் வாங்கிவிடுங்கள், விலை குறைந்த சின்ன மீட்டரே போதும். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நாலு செல் பெட்டி ரெண்டு இருக்கிறது. 12 வோல்ட் வேண்டும். எந்த ஒயரை எதோடு சேர்க்க வேண்டும்?

ஒரு பெட்டியின் சிவப்பை அடுத்த பெட்டியின் கறுப்போடு சேருங்கள். மிஞ்சுவது ஒரு கறுப்பு, ஒரு சிவப்பு. அவைதான் 12 வோல்ட்டின் மைனஸும் பிளஸும். பள்ளிப் புத்தகத்தில் தொடரிணைப்பு என்று படித்தது இதுதான். பெட்டிக்குள்ளேயும் நாலு செல்லும் இப்படித்தான் ஒன்றன் தலையில் இன்னொன்றின் கால் என்று நிற்கின்றன. நீங்கள் அந்த வரிசையை அடுத்த பெட்டிக்கும் நீட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

செல்களைக் கழற்றி வைத்துவிட்டு ஒயரைச் சேருங்கள். சேர்த்து முடித்து, மிஞ்சிய இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று தொடாமல் விலக்கி வைத்த பிறகு செல்களைப் போடுங்கள். அடுத்து, எல்இடியோடோ போர்டோடோ இணைப்பதற்கு முன்னால், மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து அந்த இரண்டு நுனிகளையும் தொட்டுப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருக்கும் கோளாறுகளில் பாதி உங்கள் வீட்டுக்கு வராது.

மீட்டர் என்ன சொல்கிறது என்று படிக்கவும் தெரிந்துகொள்ளுங்கள். புது ஆல்கலைன் செல் எட்டு என்றால் 12.8-ஐ ஒட்டி வரும். 9 சொச்சம் வந்தால் எட்டில் ஒன்று தலைகீழாக இருக்கிறது: ஏழு செல் ஒரு பக்கம் தள்ள, ஒன்று எதிர்ப்பக்கம் இழுக்க, மிஞ்சுவது ஆறு செல்லின் அழுத்தம். 0 வந்தால் சிவப்பையும் சிவப்பையும் சேர்த்திருக்கிறீர்கள், அல்லது ஏதோ ஒரு செல் ஸ்பிரிங்கைத் தொடவில்லை. எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வந்தால் மீட்டரின் முனைகளை மாற்றிப் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சரியாகப் பிடித்தும் மைனஸ் வந்தால் பெட்டியிலேயே ஒயர் நிறம் மாறியிருக்கிறது. மலிவான பெட்டிகளில் அப்படியும் வருவதை நானே பார்த்திருக்கிறேன். நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

அதே ரெண்டு பெட்டியைப் பக்க இணைப்பில் போட்டால் என்ன கிடைக்கும்?

சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. வோல்ட் 6-லேயே நிற்கும், ஓடும் நேரம் இரண்டு மடங்காகும்.

பலர் இங்கே ஒரு கணக்கைத் தவற விடுகிறார்கள். ஒரு பென்சில் செல்லில் 2000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, செல்லின் கொள்ளளவு) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டையும் தொடராகப் போட்டால் 12 வோல்ட், 2000 எம்ஏஎச். நாலு நாலாகப் பக்கத்தில் போட்டால் 6 வோல்ட், 4000 எம்ஏஎச். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், இரண்டுமே 24 வாட்-மணிதான். தொடரிணைப்பில் எம்ஏஎச் கூடாது, பக்க இணைப்பில் வோல்ட் கூடாது. "எட்டு செல் போட்டேனே, 16,000 எம்ஏஎச் இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கொலுவுக்கு 12 வோல்ட் எல்இடி பட்டை. எட்டு ரீசார்ஜபிள் செல் போட்டேன், மங்கலாக எரிகிறது. ஏன்?

ரீசார்ஜபிள் பென்சில் செல், அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 1.5 வோல்ட் அல்ல, 1.2 வோல்ட். எட்டு போட்டால் 9.6-தான். இப்போது அந்தப் பட்டையை விளக்கடியில் பிடித்து உற்றுப் பாருங்கள். மூன்று எல்இடிக்கு ஒருமுறை கத்தரிக்கோல் குறி இருக்கும். அந்த மூன்றும் தொடராக நிற்கின்றன, பக்கத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டர். வெள்ளை எல்இடி ஒன்றுக்கு 3 வோல்ட் வேண்டும், மூன்றுக்கு 9. உங்களிடம் இருப்பது 9.6. மிஞ்சும் 0.6-ஐ வைத்துக்கொண்டு ரெசிஸ்டர் வழியாக எவ்வளவு கரண்ட் போய்விடும்? கொஞ்சம்தான். அதனால்தான் மங்கல். ரீசார்ஜபிள் என்றால் பத்து செல் போடுங்கள்: நாலு செல் பெட்டி ரெண்டு, கூடவே ரெண்டு செல் பெட்டி ஒன்று, மூன்றும் தொடராக.

ஆல்கலைன் போட்டாலும் இதே பாடம் வேறு வடிவத்தில் வரும். செல்லின் மேல் 1.5 என்று அச்சடித்திருந்தாலும் அது புதிதில் 1.6 காட்டும், போகப் போக 1.0, 0.9 என்று இறங்கும். எட்டு செல் பெட்டியில் ஒவ்வொன்றும் 1.15-க்கு வந்துவிட்டால் மொத்தம் 9.2. பட்டை கிட்டத்தட்ட அணைந்துவிடும். அப்போது அந்த செல்களைத் தூக்கிப் போடாதீர்கள். சுவர்க் கடிகாரத்துக்கு அவை இன்னும் மாதக்கணக்கில் உழைக்கும்.

எவ்வளவு நேரம் எரியும் என்பதற்கு: மீட்டருக்கு 60 எல்இடி உள்ள சாதாரணப் பட்டை, மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும். 12 வோல்ட்டில் 0.4 ஆம்பியர். ஒரு மீட்டர் பட்டையைப் பென்சில் செல்லில் போட்டால் ஒரு மாலைப் பொழுது நல்ல வெளிச்சம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஒன்பது நாளும் எரிய வேண்டும் என்றால் 12 வோல்ட் அடாப்டர்தான் சரி. அல்லது பட்டையைக் கத்தரித்துப் படிக்கு ஒன்பது எல்இடி மட்டும் வையுங்கள். என் அக்கா மகள் அப்படித்தான் செய்தாள். "மாமா, பொம்மை முகத்துக்கு மட்டும் வெளிச்சம் போதும்" என்று அவளே முடிவெடுத்து, மேல் மூன்று படிக்கு மட்டும் வைத்தாள்; படி முழுக்க ஓட்டியதைவிட அழகாக இருந்தது.

வண்டிக்கு 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்றே போதாதா? எதற்கு இத்தனை செல்?

போதாது. கண்காட்சி வண்டிகள் நகராமல் நிற்பதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்தச் சதுரப் பெட்டிக்குள் 1.5 வோல்ட் குட்டி செல்கள் ஆறு தொடராக இருக்கின்றன. சின்ன செல் என்பதால் ஆல்கலைனிலேயே 500 எம்ஏஎச் அளவுதான் தாங்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரணப் பேட்டரியில் அதைவிடக் குறைவு. அதைவிட முக்கியம், அந்த ஆறு குட்டி செல்களுக்கும் உள்மின்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே கரண்டைத் தடுக்கும் தடை, அதிகம். கரண்ட் அதிகமாகக் கேட்டால் பேட்டரி தன் வோல்ட்டைத் தனக்குள்ளேயே தின்றுவிடும். புகை எச்சரிக்கைக் கருவிக்கும் மல்டிமீட்டருக்கும் அது நல்ல பேட்டரி, ஏனென்றால் அவை துளித்துளியாகக் குடிப்பவை. மோட்டார் அப்படி அல்ல. வண்டியில் போடும் மஞ்சள் நிற பிஓ மோட்டார் சும்மா சுழலும்போது கொஞ்சமாகத்தான் எடுக்கும். கிளம்பும் நொடியிலும், சக்கரம் எதிலாவது சிக்கி நிற்கும்போதும், ஒரு மோட்டாரே ஓர் ஆம்பியர் அளவுக்குக் கேட்கும்.

ஒரு பையன் வண்டியைக் கொண்டுவந்தான். "அண்ணா, லைட் எரியுது, வண்டி மட்டும் நகர மாட்டேங்குது. பேட்டரி புதுசு, இப்பதான் வாங்கினேன்." பேட்டரியை மட்டும் அளந்தோம்: 9.2. அவன் முகத்தில் நம்பிக்கை. மீட்டரை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடச் சொன்னேன். எண் 5-க்குக் கீழே விழுந்தது. சுவிட்சை அணைத்ததும் திரும்பவும் 9-க்கு ஏறியது. அவனே இன்னும் மூன்று முறை போட்டு அணைத்துப் பார்த்துவிட்டு, "சும்மா இருக்கும்போது பொய் சொல்லுது" என்றான். அவன் சொன்னது சரியான கண்டுபிடிப்பு. பேட்டரியை வேலை வாங்கும்போது அளந்த எண்தான் உண்மையான எண்.

மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும் ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது. செல் மாற்றியும் தீரவில்லை.

ஒரே பெட்டியிலிருந்து மோட்டாருக்கும், வண்டியைக் கட்டுப்படுத்தும் ஆர்டுயினோ போர்டுக்கும் எடுத்திருப்பீர்கள். நாலு பென்சில் செல், ஒவ்வொன்றின் உள்மின்தடையும் ஸ்பிரிங்கின் தொடுதடையும் சேர்ந்து மொத்தம் ஓர் ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு மோட்டாரும் கிளம்பும்போது 2 ஆம்பியர். 2 வோல்ட் பெட்டிக்குள்ளேயே போயிற்று. 6 என்று நினைத்தது அந்த நொடியில் 4. போர்டு மயங்கி விழுந்து எழுகிறது, அதைத்தான் ரீசெட் என்கிறோம்.

இங்கேதான் ரெண்டாவது பெட்டிக்கு உண்மையான வேலை. மோட்டாருக்கு ஒரு பெட்டி, போர்டுக்கு ஒரு பெட்டி என்று பிரித்துவிடுங்கள். ஆர்டுயினோவில் ஊனோ என்ற வகைப் போர்டுக்கு, மின்சாரம் உள்ளே போகும் விஐஎன் முனையில் 7 முதல் 12 வோல்ட் வேண்டும், அதனால் போர்டுக்கு ஆறு செல் பெட்டி. 9-ல் தொடங்கி 7-க்கு இறங்கும்வரை தாராளமாக ஓடும். போர்டின் சிக்னலைக் கேட்டு மோட்டாரை ஓட்டும் எல்298என் டிரைவருக்கு என்று ஒரு குணம் உண்டு: தன் வழியாகக் கரண்ட் போகும்போது ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொண்டு சூடாகும். நாலு செல் போட்டால் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 4 வோல்ட்தான். அதனால் மோட்டார் பக்கமும் ஐந்தாறு செல் போட்டால் வண்டி சுறுசுறுப்பாக ஓடும்.

பெட்டிகளைப் பிரித்ததும் எல்லோரும் மறக்கும் ஒன்று: ரெண்டு பெட்டியின் கறுப்பு ஒயரையும் ஓர் இடத்தில் சேர்த்தே ஆக வேண்டும். பொது கிரவுண்ட் என்பது அதுதான். போர்டு டிரைவருக்கு "ஓடு" என்று 5 வோல்ட் சிக்னல் அனுப்புகிறது. எதிலிருந்து 5 வோல்ட்? தன் கிரவுண்டிலிருந்து. டிரைவருக்கு அந்த கிரவுண்ட் எது என்றே தெரியாவிட்டால் சிக்னலுக்குப் பொருள் இல்லை. வண்டி நகராது, அல்லது பேய் பிடித்த மாதிரி விட்டுவிட்டு ஓடும். கறுப்பைச் சேருங்கள், சிவப்பைச் சேர்க்காதீர்கள். ஒன்று 9 வோல்ட், இன்னொன்று 6 வோல்ட் என்றால் சிவப்புகள் தொட்டுக்கொண்ட கணத்தில் பெரியது சின்னதுக்குள் கரண்டைத் தள்ளத் தொடங்கிவிடும்.

நாலு புது ஆல்கலைனை நேராக ஊனோவின் 5 வோல்ட் முனையில் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதில் அது 6.4 வோல்ட். போர்டில் இருக்கும் சிப்புக்கு 6.0-தான் எல்லை. வேண்டாம்.

பழைய செல்லையும் புது செல்லையும் கலந்து போடலாமா?

கூடாது. தொடரிணைப்பில் எல்லா செல் வழியாகவும் ஒரே கரண்ட்தான் ஓடும். புது செல் மூன்று, சோர்ந்தது ஒன்று என்றால், சோர்ந்தது முதலில் காலியாகும். ஆனால் மற்ற மூன்றும் விடாது, அதன் வழியாகவே கரண்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெட்டியில் செல் செல்லாக அளந்திருக்கிறேன்: 1.3, 1.3, 1.3, நாலாவது மைனஸ் 0.2. அந்த நாலாவது செல் தலைகீழாகத் திருப்பி ஓட்டப்படுகிறது. அங்கேதான் கசிவு தொடங்கும். ஆல்கலைனோடு சாதாரண செல், ரீசார்ஜபிளோடு ஆல்கலைன், வேறு வேறு எம்ஏஎச் எல்லாமே இதே கதைதான். பெட்டியில் போடும் நாலும் ஒரே அட்டையிலிருந்து ஒரே நாளில் பிரித்தவையாக இருக்கட்டும். சிறு பிள்ளைகள் வீட்டில் இருந்தால் செல்லின் மேல் மார்க்கரால் தேதி எழுதி வைப்பது நல்லது. ரிமோட்டிலிருந்து ஒன்றை உருவி இதில் போட்டுவிடுவார்கள்.

பக்க இணைப்பில் ஒரு பெட்டியில் செல் திரும்பிப் போனால் ஆபத்தா?

ஆமாம், தொடரிணைப்பைவிட இதில் கவனம் அதிகம் வேண்டும். சரியான பெட்டி 6 வோல்ட். ஒரு செல் திரும்பிய பெட்டி 3 வோல்ட். சுவிட்சை அணைத்திருந்தாலும் ரெண்டும் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கின்றன, ஆகவே 6 வோல்ட் பெட்டி 3 வோல்ட் பெட்டியை இரவெல்லாம் சார்ஜ் செய்யும். ஆல்கலைன் சார்ஜ் செய்வதற்காகச் செய்த செல் அல்ல. சூடாகும், கசியும்.

தடுக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு பெட்டியின் சிவப்பு ஒயரிலும் ஒரு ஷாட்கி டையோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) போடுங்கள். 1என்5819 போதும், ஓர் ஆம்பியர் தாங்கும். டையோடில் வெள்ளிக் கோடு உள்ள முனை பெட்டியை விட்டு விலகி, சர்க்யூட் பக்கம் இருக்க வேண்டும். இப்போது கரண்ட் வெளியே வரலாம், உள்ளே திரும்பிப் போக முடியாது. இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை 0.3 முதல் 0.5 வோல்ட். 1என்4007 வீட்டில் கிடக்கிறது என்று அதைப் போட்டால் 0.7-க்கு மேல் போய்விடும்; 6 வோல்ட்டில் அது பெரிய இழப்பு.

தொடரில் இருக்கும் ரெண்டு பெட்டிக்கு நடுவில் ஒரு ஒயர் எடுத்தால் 6 வோல்ட்டும் கிடைக்குமே?

கிடைக்கும். கீழ்ப் பெட்டியின் கறுப்பிலிருந்து நடுச் சேர்க்கைக்கு 6, கறுப்பிலிருந்து மேல் சிவப்புக்கு 12. ஆனால் கீழ்ப் பெட்டி இரட்டை வேலை செய்கிறது, சீக்கிரம் காலியாகிவிடும். பிறகு நாலு சோர்ந்த செல்லும் நாலு தெம்பான செல்லும் ஒரே வரிசையில். மேலே கலந்து போடக்கூடாது என்று சொன்ன அதே நிலைமை. ஆடியோ ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டில் பிளஸ் 6, மைனஸ் 6 தேவைப்பட்டு, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு கரண்ட் எடுத்தால் நடுவை கிரவுண்டாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு இது மிக நல்ல முறை. எல்இடிக்கும் மோட்டாருக்கும் வேண்டாம்.

18650 லித்தியம் செல்லை இதேபோல் பெட்டியில் போட்டு இணைக்கலாமா?

இணைக்கலாம், ஆனால் மனநிலையை மாற்றிக்கொண்டு வாருங்கள். பென்சில் செல்லில் தப்பு செய்தால் செல் கெடும். லித்தியத்தில் தப்பு செய்தால் தீப்பிடிக்கும். பள்ளிப் பிள்ளைகள் பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

ஒரு செல் 3.7 வோல்ட் என்பார்கள். முழு சார்ஜில் 4.2, 3-க்குக் கீழே விடக்கூடாது. பக்க இணைப்பில் போடுவதற்கு முன் ரெண்டையும் அளந்து, வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் சேர்க்க வேண்டும். ஒன்று 4.2, இன்னொன்று 3.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.7. ரெண்டு செல்லின் உள்மின்தடையும் சேர்ந்து 0.1 ஓம் என்றால் பெட்டியில் போட்ட நொடியில் 7 ஆம்பியர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும், நீங்கள் எந்த சுவிட்சையும் போடாமலே. ரெண்டையும் தனித்தனியே முழுக்க சார்ஜ் செய்துவிட்டுப் போடுவதே சுலபம்.

தொடராகப் போட்டால் 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4. அப்போது ரெண்டு செல்லுக்கான பிஎம்எஸ் போர்டு, அதாவது செல்களைக் கண்காணித்துக் காக்கும் போர்டு, கட்டாயம். டிபி4056 என்ற நீல நிற சின்ன சார்ஜர் போர்டு ஒற்றை செல்லுக்கானது. அதைத் தொடராக நிற்கும் ரெண்டு செல்லுக்கு மாட்டக்கூடாது.

ரெண்டு பள்ளம் உள்ள 18650 பெட்டி வாங்கும்போது ஏமாறாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு வகையில் உள்ளே தொடராக இணைத்திருப்பார்கள், இன்னொன்றில் பக்கமாக. மீட்டரை பீப் ஒலியில் வைத்து, செல் இல்லாத பெட்டியின் தகடுகளைத் தொட்டு எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். இன்னொன்று, பென்சில் செல் உருவத்திலேயே 14500 என்றொரு லித்தியம் செல் உண்டு. 14 மில்லிமீட்டர் தடிமன், 50 மில்லிமீட்டர் நீளம், பென்சில் செல் பெட்டிக்குள் கச்சிதமாக உட்காரும். நாலைப் போட்டால் 6-க்குப் பதில் 14.8 வோல்ட், போர்டு போய்விடும். செல்லின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் பெட்டியில் போடாதீர்கள். 9900 எம்ஏஎச் என்று எழுதிய 18650-ஐயும் வாங்காதீர்கள். நல்ல தயாரிப்பே 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

என்ன ஒயர் வாங்க வேண்டும்? முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?

கடையில் ஒயரை 7/36, 14/38, 23/36 என்று கேட்பார்கள். முதல் எண் உள்ளே எத்தனை இழை, ரெண்டாவது எண் இழையின் கேஜ், அதாவது தடிமன் எண். 7/36 என்றால் 36 கேஜ் இழை ஏழு. எல்இடிக்கும் போர்டுக்கும் அது போதும். மோட்டாருக்கு 23/36 வாங்குங்கள். கணக்கு இதோ: 7/36 ஒயர் ஒரு மீட்டருக்கு 0.08 ஓம் அளவு. போகவும் வரவும் ஒரு மீட்டர், 2 ஆம்பியர் என்றால் 0.17 வோல்ட் ஒயரிலேயே போகும். 23/36-ல் அது 0.05-தான். பெட்டியோடு வரும் மயிரிழை ஒயர் இவை எல்லாவற்றையும்விட மெல்லியது. மோட்டார் வேலைக்கு நான் அதைக் கழற்றிவிட்டு வேறு போட்டுவிடுவேன்.

முறுக்கி டேப் சுற்றியது சோதனைக்குச் சரி. ஓடுகிற வண்டியில் அது தளரும், வெயில் நாளில் டேப்பின் பசை இளகி வழுக்கும். சால்டர் செய்யுங்கள். முதலில் இணைப்பை மூடும் ஸ்லீவ் குழாயை ஒயரில் கோத்துவிடுங்கள், பிறகு கோக்க முடியாது. ஒரு சென்டிமீட்டர் தோலை உரித்து, இழைகளை விரலால் முறுக்கி, ரெண்டு நுனிக்கும் தனித்தனியே ஈயம் பூசி, பிறகு ஒட்டவைத்துச் சூடு காட்டுங்கள். ஈயம் ஒயருக்குள் உறிஞ்சப்பட்டு இழைகளின் வடிவம் மேலே தெரிய வேண்டும். உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தால் அது பிடிக்கவில்லை என்று பொருள்.

பெட்டியின் தகட்டில் நேராக சால்டர் செய்யும்போது மட்டும் அவசரம் வேண்டும்: 25 வாட் அயர்னை நன்றாகச் சூடாக்கி, தகட்டை முன்பே சுரண்டி, ரெண்டு மூன்று நொடிக்குள் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் இளகித் தகடு சாய்ந்துவிடும், பிறகு எந்த செல்லும் இறுக்கமாக உட்காராது. செல்லின் மேலேயே சால்டர் செய்வது கூடவே கூடாது.

சுவிட்ச், ஃபியூஸ் எங்கே?

தொடரில் ஒரு சுவிட்ச் போதும், வெளியே வரும் சிவப்பில். பக்க இணைப்பில் டையோடு போடாவிட்டால், ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி சுவிட்ச் வையுங்கள். லித்தியம் என்றால் பிளஸ் முனைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஃபியூஸ். ரீசார்ஜபிள் பென்சில் செல்லைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஷார்ட் ஆனால் பத்து ஆம்பியருக்கு மேல் கொடுக்கும், மெல்லிய ஒயரின் தோல் உருகிவிடும்.

பெட்டிக்குள் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தூக்கிப் போட வேண்டுமா?

ஆல்கலைன் செல் கசிந்தால் வெளிவருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். காற்று பட்டு வெள்ளைப் படிகமாகிறது. கையுறை போட்டுக்கொண்டு, கண்ணுக்கு நேரே பிடிக்காமல், காதுக்குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ நனைத்துத் தொடுங்கள். மெல்லச் சீறி நுரைக்கும். நுரை நிற்கும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைத்து, ஈரத்துணியால் ஒருமுறை, பிறகு நன்றாகக் காயவிடுங்கள். உறையில் ஆல்கலைன் என்று இல்லாத சாதாரண செல் என்றால் அதன் கசிவு அமிலப் பக்கம். அதற்கு ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தொடுங்கள். காய்ந்த பிறகு ஸ்பிரிங்கைப் பாருங்கள். வெள்ளி நிறப் பூச்சு இருந்தால் பெட்டி பிழைத்தது. உள்ளிருக்கும் இரும்பு தெரிந்து துரு ஏறியிருந்தால் மாற்றிவிடுங்கள். துருப்பிடித்த ஸ்பிரிங் மீட்டரில் சரியான வோல்ட் காட்டும், மோட்டாரைப் போட்டதும் கைவிடும்.

எல்லாம் சரியாகத்தான் இணைத்தேன். ஆனாலும் வேலை செய்யவில்லை. எங்கிருந்து தேடுவது?

சுவிட்சைப் போட்ட நிலையிலேயே தேடுங்கள். முதலில் பெட்டியின் தகட்டில் அளங்கள், பிறகு ஒயரின் மறு நுனியில், பிறகு சுவிட்சுக்கு அப்பால், பிறகு போர்டின் முனையில். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் வோல்ட் காணாமல் போகிறதோ அங்கேதான் கோளாறு. தகட்டிலேயே குறைவு என்றால் ஒவ்வொரு செல்லையும் உள்ளே இருக்கும்போதே அளங்கள். செல்கள் எல்லாம் நன்றாக இருந்து மொத்தம் மட்டும் குறைந்தால், செல்களை விரலால் அச்சில் சுற்றிவிடுங்கள். தொடும் இடத்தில் படிந்த மாசு விலகும். ஸ்பிரிங்கைத் தொட்டும் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் தொடுதடை அங்கேதான்.

கண்காட்சி நாளன்று என்ன எடுத்துப் போக வேண்டும்?

அளந்து பார்த்த புது செல் ஒரு செட், மீட்டர், ஸ்க்ரூடிரைவர், பெட்டியோடு செல்களைச் சேர்த்துக் கட்ட ரெண்டு ரப்பர் பேண்ட். மூடியில்லாத பெட்டியிலிருந்து செல் துள்ளி விழுவது வண்டி மேடை ஏறும்போதுதான் நடக்கும். முதல் நாள் இரவே செல்களைக் கழற்றி ஒரு டப்பாவில் தனியே வைத்துவிடுங்கள். பையில் புத்தகம் இடித்து சுவிட்ச் தானாக விழுந்து, காலையில் நடுவர் வரும் நேரத்தில் செல் காலியாக இருந்ததைப் பார்த்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்குப் போய் மேசையில் வண்டியை வைத்த பிறகு செல்லைப் போடுங்கள், ஒருமுறை அளங்கள், பிறகு சுவிட்சைப் போடுங்கள்.